பிரசவத்துக்குக் கீழே இறங்கணுமா, மலையிலேயே இருக்கலாமா? (31 வாரம், முதல் குழந்தை)

மலைமருமக | செப்டம்பர் 14, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்குச் சொந்த ஊர் சத்தியமங்கலம். கல்யாணமாகி ரெண்டு வருஷமா கோத்தகிரி தாண்டி ஒரு சின்ன ஊர்ல இருக்கேன். 31 வாரம் முடிஞ்சிருக்கு. நவம்பர் 16ன்னு தேதி குடுத்திருக்காங்க.

போன வாரம் வளைகாப்பு ஆச்சு. வழக்கப்படி அன்னைக்கே அம்மா என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கணும். "இத்தனை மாசம் இங்க காட்டிட்டு இப்ப எதுக்கு டாக்டரை மாத்தணும், நான் பாத்துக்கறேன்"னு அத்தை நிறுத்திட்டாங்க. அத்தை கெட்ட எண்ணத்துல சொல்றவங்க இல்லைங்க. மசக்கையில நான் எதுவும் சாப்பிடாம கிடந்தப்ப ராத்திரி எந்திரிச்சு கஞ்சி வச்சுக் குடுத்தவங்க. ஆனா அம்மா தினமும் போன்ல அழறாங்க.

எங்க வீட்டுல இருந்து மெயின் ரோட்டுக்கு 3 கிலோமீட்டர் எஸ்டேட் பாதை, ஜீப்புதான் வரும். அங்கிருந்து கோத்தகிரி ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். சத்தியில எங்கம்மா வீட்டுல இருந்து ஆஸ்பத்திரி நடந்து போற தூரம். அவருக்கு டீ ஃபேக்டரியில பாதி நாள் நைட் ஷிஃப்ட். பி.பி., சுகர் எல்லாம் சரியா இருக்கு, குழந்தை வளர்ச்சியும் சரின்னாங்க. எச்பி (ரத்த அளவு) மட்டும் 9.4.

பிரசவத்தை விட அதுக்கப்புறம் மூணு மாசத்தை நினைச்சாத்தான் எனக்கு பயமா இருக்கு. டிசம்பர், ஜனவரிக் குளிர்ல பச்சைக் குழந்தையோட இங்க இருக்க முடியுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

குன்னூர்காரி | செப்டம்பர் 14, இரவு 10.15

யோசிக்காம கீழே போயிடுங்க. எனக்கு முதல் பிரசவம் மே மாசம். டூரிஸ்ட் வண்டிங்களுக்கு இ-பாஸ் எல்லாம் வர்றதுக்கு முந்தின சீசன். வலி வந்து 108ல ஏறினோம், ரோடு முழுக்க டூரிஸ்ட் வண்டி. சைரன் போட்டும் ஒதுங்க இடமில்லாம நின்ன அந்த அரை மணி நேரத்தை இன்னும் மறக்க முடியல.

கட்டபெட்டு_அக்கா | செப்டம்பர் 15, காலை 6.50

நவம்பர்ல சீசன் கூட்டம் இருக்காது, ஆனா மழை இருக்கும். எனக்கு ரெண்டும் இங்கதான் ஆச்சு, நல்லாத்தான் ஆச்சு. பழகின டாக்டர் இருக்கறது ஒரு தைரியம். ஆனா எங்க வீடு மெயின் ரோட்டுலயே இருந்தது. உங்களுக்கு அந்த 3 கிலோமீட்டர்தான் யோசனையா இருக்கு.

ஓய்வு_செவிலி | செப்டம்பர் 15, மதியம் 2.30

கண்ணு, நான் 31 வருஷம் கிராம சுகாதார செவிலியரா இருந்தவ. பாதிக் காலம் குந்தா பக்கம், மீதி கூடலூர், பந்தலூர்.

மலையா கீழயாங்கற கேள்வியை விட்டுடு. ராத்திரி ரெண்டு மணிக்கு ரத்தப்போக்கு நிக்கலைன்னா, ஆபரேஷன் தியேட்டரும் மயக்க டாக்டரும் உனக்கு ஏத்தறதுக்கு ரத்தமும் இருக்கற இடத்துக்கு எவ்வளவு நேரத்துல போய்ச் சேருவ? அந்தக் கணக்கைப் போட்டுப் பாரு. பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரி இருக்குங்கறது மட்டும் போதாது. அந்த மூணும் ராத்திரியிலயும் ஞாயித்துக்கிழமையிலயும் அங்க இருக்குமான்னு நேராப் போய்க் கேக்கணும். சத்திக்கும் இதே கேள்விதான், கோத்தகிரிக்கும் இதே கேள்விதான்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நிறைமாசத்துல கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல ரத்தம் ஓடிட்டிருக்கும். நஞ்சுக்கொடி வெளிய வந்ததும் கர்ப்பப்பை சுருங்கிக் கல்லு மாதிரி இறுகணும். அப்பத்தான் அந்த ரத்தக் குழாயெல்லாம் அடையும். இறுகாமத் தொளதொளன்னு கிடந்தா, கவனிக்காத பட்சத்துல ரெண்டு மணி நேரத்துல உயிரே போயிடும். நம்ம மலையில ரெண்டு மணி நேரங்கறது ரோட்டுல ஒரு மரம் விழுந்தா கழியற நேரம்.

2009 நவம்பர் ஞாபகம் இருக்கறவங்க இங்க இருப்பீங்க. ஊட்டி, குன்னூர், கோத்தகிரின்னு மண் சரிஞ்சு 40 பேருக்கு மேல போனாங்க. அந்த வாரம் நிறைமாசக்காரி ஒருத்தியைப் போர்வைத் தூளியில நாலு பேர் தூக்கிட்டு, தேயிலைத் தோட்டத்துக்குள்ளயே ஏறி இறங்கி வந்தாங்க. நானும் கூட நடந்தேன். அவ பிழைச்சா. பிழைக்காமப் போன கதையும் என்கிட்ட இருக்கு, அதை இப்ப உனக்குச் சொல்ல மாட்டேன்.

அதனால எங்க பெத்துக்கறதா இருந்தாலும் சரி, 37 வாரம் ஆனதும் அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல போய்த் தங்கிடணும். வலி வந்தப்புறம் மலையில பயணம் வேண்டவே வேண்டாம். மலைப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலதுல நிறைமாசக்காரங்க முன்கூட்டியே வந்து தங்கறதுக்குன்னே பிரசவக் காத்திருப்பு அறை இருக்கு. உங்க செவிலியர்கிட்டக் கேளு.

இன்னும் ரெண்டு விஷயம். உன் ரத்த குரூப் என்ன? இரும்பு மாத்திரையை எப்ப, எதோட முழுங்கற?

மலைமருமக | செப்டம்பர் 15, இரவு 8.05

ரொம்ப நன்றிங்கம்மா. குரூப் பி நெகட்டிவ். அவருக்கு பாசிட்டிவ். 28 வாரத்துல ஒரு ஊசி போட்டாங்க.

மாத்திரை... உண்மையைச் சொல்லிடறேன். காலையில டிபன் சாப்பிட்டதும் டீயோட முழுங்குவேன். இங்க டீ இல்லாம யாரும் எந்திரிக்கறதே இல்லைங்க, ஒரு நாளைக்கு அஞ்சு டம்ளர் ஆயிடும். மலச்சிக்கல் வந்து கஷ்டமா இருந்ததால நடுவுல ஒரு மாசம் போல விட்டுட்டேன். டாக்டர் கேட்டப்ப போடறேன்னு சொல்லிட்டேன்.

ஓய்வு_செவிலி | செப்டம்பர் 15, இரவு 9.20

சொன்னியே, அதுவே போதும். நான் கேட்ட பொண்ணுங்கள்ல பாதிப் பேர் இதைத்தான் செஞ்சாங்க. முறத்துல கொட்டி வச்ச மாத்திரையை நானே எத்தனையோ வீட்டுல பார்த்திருக்கேன்.

தேயிலையில இருக்கற துவர்ப்புச் சத்து, சாப்பாட்டுலயும் மாத்திரையிலயும் இருக்கற இரும்பைப் பிடிச்சு வச்சுக்கும். உடம்புல சேர விடாது. நம்ம ஜில்லாவுக்கே சோறு போடற செடிதான், குறை சொல்லல. டீயை நிறுத்தச் சொல்லலை, தள்ளி வை. சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னாடி ஒரு மணி நேரம், பின்னாடி ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம். மாத்திரையை எலுமிச்சைச் சாறோட போடு, இல்லைன்னா ஒரு கொய்யாத் துண்டோ நெல்லிக்காயோ கடிச்சுக்கோ. சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்துல முழுங்காதே, ஒண்ணு காலையிலன்னா இன்னொண்ணு ராத்திரி. மலம் கறுப்பா போறதைப் பார்த்து பயப்படாதே. சிக்கலுக்குத் தண்ணியும் கீரையும். வயித்தைப் பிரட்டினா ராத்திரி படுக்கறப்ப போட்டுக்கோ.

இன்னொண்ணு. உயரத்துல இருக்கறவங்களுக்கு ரத்த அளவு இயல்பாவே கொஞ்சம் கூடக் காட்டும். காத்துல பிராணவாயு அழுத்தம் குறையறதால உடம்பு கூடுதலா ரத்தம் ஊறவைக்கும். அதனால உலக சுகாதார நிறுவனமே மலைவாசிகளோட எச்பியை உயரத்துக்குத் தக்கபடி கழிச்சுப் பார்க்கச் சொல்லுது. ஊட்டி உயரத்துக்கு அது ஒரு கிராமுக்கு மேலயே வரும், கோத்தகிரிக்குக் கொஞ்சம் குறையும். கர்ப்பிணிக்கு 11 இருக்கணும். நீ 9.4ன்னு சொல்றது கீழே இருக்கறவளோட 9.4 இல்லை, அதைவிடக் கம்மின்னு வச்சுக்கோ. நாள் கிட்ட வந்துட்டதால ட்ரிப்ஸ்ல ஏத்தற இரும்பு தேவையான்னு டாக்டர்கிட்டக் கேளு. மாத்திரையை விட்டுட்டதையும் மறைக்காமச் சொல்லு.

பி நெகட்டிவ் எல்லா இடத்துலயும் கைவசம் இருக்காது. இப்பவே அந்த குரூப் இருக்கற ரெண்டு பேரோட போன் நம்பரை எழுதி வைங்க. குழந்தை பாசிட்டிவா பிறந்தா 72 மணி நேரத்துக்குள்ள உனக்கு மறுபடி ஆன்டி-டி ஊசி போடணும். அவங்க போடுவாங்க, நீங்களும் கேட்டு வாங்குங்க. இது அடுத்த குழந்தைக்கான காவல்.

தேவாலா_தோட்டம் | செப்டம்பர் 18, இரவு 9.55

நான் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவ. எங்கம்மா சின்ன வயசுல கண்டியில இருந்து கப்பல்ல வந்தவங்க. எனக்கு 34 வயசு, மூணு பிள்ளைக.

இங்க எல்லாரும் பிரசவத்தைப் பத்தியே பேசுறீங்க. அதுக்கப்புறம் உள்ளதை நான் சொல்றேன். இந்தப் பக்கம் ஆடி மழையில ரோடு போயிடும், ராத்திரியில ரோட்டுல ஆனை நிக்கும். நாங்க அவசரத்துக்கு ஊட்டிக்கு ஏறுறது குறைச்சல். கேரளாப் பக்கம் சுல்தான் பத்தேரிக்கும் பெரிந்தல்மண்ணாவுக்கும்தான் ஓடுவோம். மூணாவது பிள்ளை நல்லபடியாதான் பொறந்துச்சு. அம்பதாம் நாள் மலைக்கு வேலைக்குப் போயிட்டேன். நான் தற்காலிகமா பேர் போட்டிருந்தவ, லீவுச் சம்பளம் உனக்குக் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. வீட்டுல வேற வருமானமும் இல்ல.

மேட்டுல கொழுந்து எடுத்து, 30 கிலோ மூட்டையைத் தலையில வச்சு நிறுவைக்கு இறங்கணும். ரெண்டு மாசத்துல கீழ என்னமோ கட்டி மாதிரி இடிச்சுது. குனிஞ்சா, இருமினா ஒண்ணுக்குப் போயிடும். அடி இறங்கிடுச்சுன்னு பக்கத்து லயத்துப் (தோட்டத்து வரிசை வீடு) பாட்டி சொன்னாங்க. எங்கம்மாவுக்கும் இப்படித்தானாம், சாகுற வரைக்கும் துணியை மடிச்சு வச்சுக்கிட்டே வேலைக்குப் போனாங்களாம். பாட்டி எனக்கு இதைச் சொன்னதே நான் கேட்டப்புறம்தான். நாலு வருஷமா நானும் அப்படித்தான் போறேன். வீட்டுக்காரர்கிட்டக் கூடச் சொல்லல. பேர் தெரியாத இடமுன்னு இங்க எழுதுறேன்.

குன்னூர்காரி | செப்டம்பர் 18, இரவு 10.30

அக்கா, படிச்சுட்டு ரொம்ப நேரம் எதுவும் எழுத வரல. எனக்கு ரெண்டாவது குழந்தைக்கப்புறம் தும்மினா நனைஞ்சிடும். வயசாகுதுன்னு விட்டுட்டேன். 29தான் ஆகுது.

ஓய்வு_செவிலி | செப்டம்பர் 19, காலை 11.10

தேவாலாத் தங்கச்சி, நாலு வருஷம் பொறுத்தது போதும். இதுக்கு வைத்தியம் இருக்கு. இது வயசு இல்லை, விதியும் இல்லை. பிரசவத்துல விரிஞ்ச அடித்தளச் சதை பழைய பலத்துக்கு வர்றதுக்குள்ள பாரம் தூக்கினா, கர்ப்பப்பையும் மூத்திரப்பையும் கீழ சரியும். அடுப்புக்கு விறகு சுமக்கறவ, கேரட் தோட்டத்துல மூட்டை ஏத்தறவ, கொழுந்து மூட்டை தூக்கறவ, இவங்கள்லதான் நான் அதிகம் பார்த்தேன். வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு எத்தனை பேர் இருந்தாங்க தெரியுமா? வீட்டுக்குப் போனா குழந்தைக்குத் தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டுவாங்க. நான் "உனக்கு எப்படி இருக்கு?"ன்னு அடுப்படியில தனியா நிக்க வச்சுக் கேட்டாத்தான் கண்ணுல தண்ணி வரும்.

கூடலூர் அரசு ஆஸ்பத்திரியில பெண் மருத்துவரைப் பாரு. எவ்வளவு இறங்கியிருக்குன்னு பார்த்துட்டு, சதைப் பயிற்சி போதுமா, உள்ளே தாங்கி நிக்கற மாதிரி ஒரு வளையம் வைக்கலாமா, ஆபரேஷன் வேணுமான்னு சொல்லுவாங்க. வளையம் வைக்கறதுக்குக் கத்தி வேண்டாம், மயக்க ஊசி வேண்டாம்.

பயிற்சி எல்லாருக்கும் சொல்றேன். மூத்திரத்தை அடக்கறப்ப எந்தச் சதையை இறுக்கறோமோ அதுதான். (நிஜமா மூத்திரம் போறப்ப நிறுத்தி நிறுத்திப் பழகாதீங்க, சதையை அடையாளம் தெரிஞ்சுக்க மட்டும்தான் அது.) அஞ்சு எண்ணும் வரைக்கும் இறுக்கி, அஞ்சு எண்ணும் வரைக்கும் தளர்த்தணும். ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூணு தடவை. மூச்சை அடக்கக் கூடாது, வயித்தையும் தொடையையும் இறுக்கக் கூடாது. மூணு மாசம் விடாம செஞ்சாத்தான் பலன் தெரியும். இருமறதுக்கும் பாரம் தூக்கறதுக்கும் முன்னாடி ஒரு தடவை இறுக்கிக்கோங்க.

லீவு விஷயம். மகப்பேறு பலனுக்கு 1961லயே சட்டம் வந்தது, அந்த உரிமை தோட்டங்களுக்கும் உண்டு. பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை செஞ்சிருந்தாப் போதும். 2017ல திருத்தினப்புறம் முதல் ரெண்டு குழந்தைக்கு 26 வாரம், மூணாவதுக்கு 12 வாரம் சம்பளத்தோட லீவு. தினக்கூலியா, தற்காலிகமான்னு சட்டம் பார்க்கல. மஸ்டர் ரோல்ல பேர் இருக்கற தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டுன்னு உச்ச நீதிமன்றமே 2000த்துல தீர்ப்பு சொல்லியிருக்கு. வேலைக்குத் திரும்பினப்புறம் குழந்தைக்கு 15 மாசம் ஆகற வரைக்கும் பால் குடுக்க நாளைக்கு ரெண்டு தடவை விட்டாகணும். உன்கிட்ட இல்லைன்னு சொன்னது தப்பு. உனக்கு நேரம் கடந்திருக்கலாம், ஆனா உன் லயத்துல இப்ப முழுகாம இருக்கற பொண்ணுங்களுக்குச் சொல்லு. சங்கத்துக்காரங்க வழியா தொழிலாளர் அலுவலகத்துல எழுதிக் குடுக்கலாம்.

தேவாலா_தோட்டம் | செப்டம்பர் 19, இரவு 9.10

மூணாவதுக்கும் 12 வாரம் உண்டுன்னு இன்னைக்குத்தான் தெரியும். எங்க லைன்ல ரெண்டு பேர் இருக்காங்க, சொல்லிட்டேன்.

லவ்டேல்_அப்பா | அக்டோபர் 3, இரவு 11.45

பெண்கள் பேசற இடத்துல வர்றதுக்கு மன்னிக்கணும். கேக்க வேற இடம் தெரியல. என் மனைவிக்குப் பிரசவமாகி அஞ்சு வாரம் ஆகுது. சிசேரியன். முதல் வாரம் அடிக்கடி அழுதாங்க, எல்லாரும் சகஜம்னு சொன்னாங்க. இப்ப அழறதில்லை, பேசறதும் இல்லை. குழந்தை தூங்கினாலும் தூங்க மாட்டேங்கறாங்க. "நான் நல்ல அம்மா இல்லை, இவளை யாருக்காவது குடுத்துடலாம்"னு நேத்து சொன்னாங்க. எங்கம்மா காத்து கருப்பு பட்டிருக்கும்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போகச் சொல்றாங்க. என் மனைவிக்கு எங்க மேல கோவம்னு மாமியார் வீட்டுல நினைக்கறாங்க. எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல.

கட்டபெட்டு_அக்கா | அக்டோபர் 4, காலை 5.30

தம்பி, நேரம் பார்த்து எழுதியிருக்கீங்க, நீங்களும் தூங்கலைன்னு தெரியுது. இது எனக்கு வந்துச்சு, ரெண்டாவது குழந்தைக்கப்புறம். இத்தனை வருஷத்துல என் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்க வீட்டுக்குப் பின்னால தோட்டம் சரிஞ்சு பள்ளமா இறங்கும். துணி காயப்போடப் போனா அந்தப் பள்ளத்தையே பார்த்துட்டு நிப்பேன். மிஸ்ட் ஏறி வந்து மறைச்சதும் உள்ள வருவேன். குழந்தை மேல பாசம் இல்லையான்னு கேட்டா, அதையும் சொல்லத் தெரியல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை இருக்கற மாதிரி இருந்தது. வீட்டுல எல்லாரும் "என்ன குறை உனக்கு, குழந்தை நல்லாத்தானே இருக்கு"ன்னு கேப்பாங்க. அந்தக் கேள்வி வந்ததும் வாய் இன்னும் மூடிக்கும். ஒரு நாள் அக்கா வந்தா. ஒண்ணும் கேக்கல. குழந்தையை வாங்கிக்கிட்டு "போய்ப் படு, நான் எழுப்பறேன்"னா. ஆறு மணி நேரம் தூங்கினேன். அடுத்த நாள் அவளே மனநல டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனா. பால் குடுத்துக்கிட்டே போடற மாத்திரை குடுத்தாங்க. ரெண்டு மாசத்துல கண்ணாடி விலகினது.

உங்க மனைவியைத் தனியா விடாதீங்க. இன்னைக்கே பேசுங்க.

ஓய்வு_செவிலி | அக்டோபர் 4, காலை 7.00

தம்பி, காலையில எந்திரிச்சதும் 14416க்கு போன் பண்ணுங்க. டெலி மனஸ், அரசாங்கத்தோடது, 24 மணி நேரமும் உண்டு, தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது. பேசி முடிச்சதும் இன்னைக்கே ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டுப் போங்க. 104 மருத்துவ உதவி எண்ணுக்கும் கூப்பிடலாம்.

பிரசவமான மூணாம் நாலாம் நாள்ல அழுகை வர்றது பெரும்பாலானவங்களுக்கு உண்டு, ரெண்டு வாரத்துல தானா தெளியும். ரெண்டு வாரம் தாண்டியும் விலகலைன்னா அது நோய். அவங்க பலவீனமானவங்கன்னு அர்த்தம் இல்லை, வளர்ப்புலயும் குறை இல்லை. கூடவே ரத்த அளவும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்க. பிரசவத்துக்கப்புறம் தைராய்டு கோளாறு வந்து இதே மாதிரி சோர்வைக் குடுக்கறது உண்டு. நாள் கணக்காத் தூங்காம, சம்பந்தமில்லாமப் பேசி, யாரோ பேசற சத்தம் கேக்குதுன்னு சொன்னாலோ, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செஞ்சிடுவேன்னு சொன்னாலோ ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்காம 108.

உங்கம்மாவோட சண்டை போடாதீங்க. கோயிலுக்குத் திருநீறு பூசிக்கப் போறதுன்னா போய்ட்டு வரட்டும். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு போகட்டும். ராத்திரி ஒரு வேளை குழந்தையை நீங்க வச்சுக்கங்க, அவங்க சேர்ந்தாப்ல நாலு மணி நேரம் தூங்கணும். அதுவும் மருந்துதான்.

லவ்டேல்_அப்பா | அக்டோபர் 4, மாலை 6.20

போயிட்டு வந்தோம். டாக்டர் அவளோட தனியா முக்கால் மணி நேரம் பேசினாங்க. வெளிய வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. மாத்திரை ஆரம்பிச்சாச்சு, அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்காங்க. உங்க ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

மலைமருமக | அக்டோபர் 19, மதியம் 3.15

36 வாரம் ஆச்சு. கோத்தகிரியில இரும்பு ட்ரிப்ஸ் ஏத்தினாங்க, எச்பி 10.3. டீயைத் தள்ளி வச்சிருக்கேன்.

ஒரு முடிவுக்கு வந்திருக்கோம். சத்தியும் இல்லை, எங்க ஊரும் இல்லை. அவரோட சின்னத்தை வீடு ஊட்டி காந்தல்ல இருக்கு. 2025 ஏப்ரல்ல திறந்த புது மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில நானும் அவரும் நேராப் போய் நீங்க சொன்ன மூணு கேள்வியையும் கேட்டோம். 29ஆம் தேதி அங்க போயிடறோம். அம்மா மலையேறி வர்றாங்க. எங்க செவிலியர்கிட்டயும் சொல்லியாச்சு, பிக்மி (கர்ப்பப் பதிவு) நம்பர் அட்டையை எடுத்து வச்சாச்சு.

இப்ப அடுத்த கவலை. பிரசவ அறைக்குன்னு அத்தை ரெண்டு மூட்டை கரி வாங்கி வச்சிருக்காங்க. 40 நாளும் ரூம்ல கணப்பு எரியணுமாம், ஜன்னல் திறக்கவே கூடாதாம். தண்ணியும் அளந்துதான் குடுப்பாங்களாம்.

ஹட்டிப்_பொண்ணு | அக்டோபர் 19, இரவு 7.50

இதுல என்ன தப்புன்னு புரியல. எங்க ஹட்டியில (படுகர் ஊர்) பாட்டிங்க காலத்துல இருந்து தீ மூட்டித்தான் குழந்தை வளர்த்தாங்க. எல்லாரும் நல்லாத்தானே இருக்கோம்? எதையெடுத்தாலும் பெரியவங்க செஞ்சது தப்புன்னு சொல்றது வருத்தமா இருக்கு. உறைபனி விழற ராத்திரியில குழந்தைக்கு வேற எப்படிச் சூடு குடுப்பீங்க?

கொடைக்கானல்_வாசி | அக்டோபர் 19, இரவு 9.00

எங்க பக்கமும் இதே பழக்கம்தான். சுற்றுலா வந்தவங்க பார்பிக்யூ அடுப்பை அறைக்குள்ள வச்சு, கதவைச் சாத்திட்டுத் தூங்கி, காலையில எந்திரிக்காமப் போன செய்தியை நாம எத்தனை தடவை படிச்சிட்டோம்? எங்க தெருவுலயே ஒரு பிரசவ வீட்டுல தாய்க்கும் பாட்டிக்கும் விடியக்காலை தலைவலி, வாந்தி. பித்தம்னு நினைச்சாங்க. பால்காரர் கதவைத் தட்டினதால பிழைச்சாங்க.

ஓய்வு_செவிலி | அக்டோபர் 20, காலை 10.40

ஹட்டிப் பொண்ணு கேக்கறது நியாயமான கேள்வி. உங்க பாட்டி செஞ்சது தப்பே இல்லைம்மா. வீடுதான் மாறிப்போச்சு. அந்த வீட்டுக்கு ஓட்டுக் கூரை, ஓட்டுக்கு நடுவுல சந்து, பலகைக் கதவுல இடுக்கு. தீயோட விஷக்காத்து மேலே போயிடும். இப்ப கான்கிரீட் கூரை, கண்ணாடி ஜன்னல், கதவுக்கடியில துணி வேற சொருகறோம். அதே கரி இங்க எரிஞ்சா கார்பன் மோனாக்சைடு வெளிய போக வழியில்ல. அதுக்கு நெடி கிடையாது, நிறம் கிடையாது. புகையே இல்லாத நல்ல கரியிலயும் அது வரும். ரத்தத்துல பிராணவாயு உட்கார வேண்டிய இடத்துல போய் அது உட்கார்ந்துக்கும். தூக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாது. பச்சைக் குழந்தையால சொல்லவும் முடியாது.

சூடு குடுக்கணும்தான். குழந்தையைத் துணியில்லாம, டயபரும் குல்லாவும் மட்டும் போட்டு, அம்மாவோட வெறும் நெஞ்சுல படுக்க வச்சு மேல போர்வை சுத்துங்க. அம்மாவோட உடம்புச் சூடு குழந்தைக்கு வேணுங்கற அளவுல அப்படியே போய்ச் சேரும், பாலும் நல்லா ஊறும். அப்பாவும் செய்யலாம், பாட்டியும் செய்யலாம். ராத்திரி தூங்கறப்ப குழந்தை மல்லாக்கத் தன் படுக்கையில இருக்கட்டும். படுக்கையைச் சுடுதண்ணிப் பையால முன்னாடியே சூடாக்கிட்டு, குழந்தையைப் போடறப்ப பையை எடுத்துடணும். கரியை வெளிய வச்சுத் துணியை உலர்த்திக்கட்டும், அத்தை வாங்கினது வீணாக வேண்டாம்.

தண்ணி விஷயத்துல விட்டுக் குடுக்காதே. பால் குடுக்கறவளுக்குத் தாகம் எடுக்கற அளவுக்குத் தண்ணி வேணும். அளந்து குடுத்தா மலச்சிக்கல், மூத்திரக் கடுப்பு, தலைசுத்தல் எல்லாம் வரும். பூண்டு, கருவாடு, உளுந்தங்களி, கீரை எல்லாம் அத்தை கையால நல்லாச் சாப்பிடு.

வீட்டுக்கு வந்தப்புறம் 3, 7, 14, 21, 28, 42ன்னு நாள் கணக்கு வச்சுப் பார்க்க வருவாங்க. வர்றவங்க குழந்தையைத்தான் முதல்ல தூக்குவாங்க, எடை போடுவாங்க. "எனக்கு பி.பி. பாருங்க"ன்னு நீ கையை நீட்டு. பி.பி. பிரசவத்துக்கு முன்னாடி சரியா இருந்தாலும் பின்னாடி ஏறலாம், ஆறு வாரம் வரைக்கும் அந்த பயம் உண்டு. விடாத தலைவலி, கண்ணுல பூச்சி பறக்கறது, நெஞ்சுக்குழியில வலி, ஒரு மணி நேரத்துல ஒரு பேடு முழுக்க நனையறது, நாத்தமடிக்கற போக்கோட காய்ச்சல், ஒரு காலு மட்டும் வீங்கி வலிக்கறது, மூச்சு வாங்கறது. இதுல எது வந்தாலும் கஷாயம் வச்சுப் பார்த்துட்டு இருக்காதீங்க. பிரசவத்துக்கப்புறமும் இரும்பு மாத்திரை ஆறு மாசம்.

ஹட்டிப்_பொண்ணு | அக்டோபர் 20, மதியம் 1.05

ஓடு, கான்கிரீட் விஷயம் புரிஞ்சது. போன வருஷம்தான் எங்க வீட்டுக் கூரையை மாத்தினோம். அண்ணிக்கு டிசம்பர்ல தேதி. அம்மாகிட்ட இதை அப்படியே படிச்சுக் காட்டறேன்.

மலைமருமக | நவம்பர் 27, மாலை 4.50

நவம்பர் 14 விடியக்காலை பொண்ணு பொறந்தா. 2.8 கிலோ. சுகப்பிரசவம்.

நஞ்சு வந்ததுக்கப்புறம் ரத்தம் நிக்கலைங்க. நர்ஸ் ரெண்டு பேர் வயித்தை அழுத்திக்கிட்டே இருந்தாங்க, ஊசி மேல ஊசி. யாரோ "பி நெகட்டிவ்"னு சொல்றது கேட்டுச்சு. அவரோட ஃபேக்டரி நண்பர் ஒருத்தர் முன்னாடியே வந்து குடுத்திருந்தார், ஒரு யூனிட் ஏத்தினாங்க. எனக்குக் கை கால் எல்லாம் நடுங்கினது. அன்னைக்கு ராத்திரி நல்ல மழை. எங்க ஊர்ப் பாதையில மண் இறங்கி ரெண்டு நாள் ஜீப் போகலைன்னு அப்புறம் சொன்னாங்க. அதைக் கேட்டு அத்தை என் கட்டில்ல உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதாங்க.

பாப்பா பாசிட்டிவ், ஆன்டி-டி ஊசி போட்டாச்சு. ஆறாம் நாள் 102 தாய்-சேய் வண்டியில கொண்டுவந்து விட்டாங்க. அம்மாவும் அத்தையும் ஒரே அடுப்படியில இருக்காங்க. முதல் ரெண்டு நாள் ரசத்துக்குப் பூண்டு எவ்வளவுங்கறதுல சண்டை. இப்ப ஒருத்தர் குழந்தையை நெஞ்சுல போட்டுக்கறப்ப இன்னொருத்தர் சமைக்கறாங்க. கரி மூட்டை வாசல் திண்ணையில இருக்கு. 7ஆம் நாள் வந்தவங்ககிட்ட நான் கையை நீட்டினேன், 124/80.

தேவாலா அக்கா, நீங்க எழுதினதை அத்தைகிட்டப் படிச்சுக் காட்டினேன். விறகு, தண்ணிக் குடம் எதையும் மூணு மாசத்துக்கு என்னைத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. அப்புறம் மெதுவா, தனக்கும் 20 வருஷமா அப்படித்தான் இருக்குன்னு சொன்னாங்க. அடுத்த தடவை நான் காட்டப் போறப்ப அவங்களையும் கூட்டிட்டுப் போறேன்.

லவ்டேல்_அப்பா | நவம்பர் 27, இரவு 8.30

வாழ்த்துகள். இங்க அவ நேத்து குழந்தைக்குப் பாட்டுப் பாடினா. நான் சமையல்கட்டுல இருந்து கேட்டேன், உள்ள போகல.

தேவாலா_தோட்டம் | டிசம்பர் 1, இரவு 9.25

பொம்பளைப் பிள்ளை நல்லா இருக்கட்டும் தங்கச்சி. உங்க மாமியாருக்கு 20 வருஷமுன்னு படிச்சதும் எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துச்சு.

வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிட்டேன். ஒண்ணும் பேசல, மறுநாள் நிறுவைக்கு என் மூட்டையை அவரே வந்து தூக்கிட்டுப் போனார். போன வாரம் கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். லேடி டாக்டர் பார்த்துட்டு வளையமே போதும்னாங்க. புதன்கிழமை வரச் சொல்லியிருக்காங்க, அளவு பார்த்து வைப்பாங்களாம். பெரிய மக கூட வர்றா.